கலவை பிடிக்காத இடம்

குக்கர் மூடியைப் பொருத்தி, மேலே வெயிட்டை வைத்து, வசுமதி அடுப்பைப் பெரிதாக்கினாள். கொண்டைக்கடலை. ராத்திரியே ஊறப்போட்டது. ஆறு விசிலாவது விட்டால்தான் பதமாக வேகும். ஆறு விசில் என்றால் ஆறு வாய்ப்பு, ஒன்றில் கோட்டைவிட்டாலும் அடுத்தது இருக்கிறது. மூத்தவள் தாரணி பள்ளிக்கூட வேனில் வருவதற்கு நேரமிருக்கிறது. பூபதிக்கு முதல் ஷிப்டு, கம்பெனி பஸ் அவரை முக்கில் இறக்கிவிட இன்னும் கொஞ்சம் ஆகும். வீட்டில் அவளும் கைப்பிள்ளையும் மட்டும்தான். இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தாள். பார்ப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. விசில் அடிக்கும்போது செழியன் திடுக்கிடுகிறானா, கண்ணைச் சிமிட்டுகிறானா, கையைக் காலை உதறுகிறானா, அவ்வளவுதான். ஐந்து மாதப் பிள்ளை இதில் எதைச் செய்தாலும் போதும். ஒன்றும் செய்யாவிட்டால் என்ன என்கிற இடத்துக்கு மட்டும் யோசனை போகவில்லை. ரோடு வெட்டிப் போட்டிருக்கும் தெருமுனைக்கு வந்த ஆட்டோ மாதிரி, அந்த இடம் வந்ததும் திரும்பிக்கொண்டு, மாவு அரைக்கவேண்டும், மாடியில் துணி காய்கிறது, மழை வருமோ என்று வேறு பக்கம் ஓடியது. போன வாரம் அந்தத் தாம்பாளம் மட்டும் கை நழுவாமல் இருந்திருந்தால் இதெல்லாம் இல்லை. எவர்சில்வர் தாம்பாளம், அடுப்படியில் விழுந்து, நின்ற வாக்கில் சுழன்று, உருண்டு, கதவில் மோதி, ஓயவே ஓயாது என்பது போல அடித்து அடங்கியது. தாரணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீலென்று கத்தினாள். அவளுக்குப் பக்கத்திலேயே விழித்துக்கொண்டு கிடந்தவன் தன் கைமுட்டியை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தாம்மா பயந்துட்டேன். தம்பி பயப்படவே இல்ல. தம்பி சமத்து" என்றாள் தாரணி.

சமத்து. இந்த ஒரு சொல்லைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். பக்கத்து மனையில் வீடு எழும்புகிறது, மூன்று மாதமாக டைல்ஸ் அறுக்கிற மெஷின் ஓடுகிறது, பல்லைக் கூசவைக்கும் சத்தம். எதிர்வீட்டு அம்மா கேட் ஓரத்தில் நின்று, "எங்க பேரனுக்கு அந்த மெஷின் போட்டாலே ஊரைக் கூட்டுறான். உன் புள்ளையப் பாரேன், எருமை மேல மழை பேஞ்ச மாதிரி தூங்குது. எங்க வாங்குன இந்தச் சமத்த?" என்று கேட்டபோது வசுமதியும் சிரித்தாள். சிரித்தோமே என்று பிறகு நினைத்தாள். அவளையும் ஒருத்தி அப்படிச் சொல்லியிருக்கிறாள். பிரசவ அறையில், பக்கத்துக் கட்டில் பெண் தன் புருஷனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக் கத்திக்கொண்டிருக்க, வசுமதி உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நர்ஸ் வந்து கன்னத்தைத் தட்டி, "சத்தமே இல்ல பாரு, சமத்து" என்றாள். சத்தம் போடாதவள் வயிற்றில் சத்தம் கேட்காத பிள்ளை என்று ஒரு வாக்கியம் தானாகவே மனசுக்குள் எழுந்தது, பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுகிற தலைப்பு மாதிரி. கேட்காத. அந்தச் சொல் வந்துவிட்டதா? வந்துவிட்டது. அவள் கரண்டியை எடுத்து, கழுவினதையே திரும்பக் கழுவினாள். அப்போது குக்கர் உஸ்ஸென்று இழுத்து, முதல் விசில் அடித்தது. அடுப்படி வாசலுக்கு ஓடினாள். செழியன் அவள் பக்கம் பார்த்தான், வாயைத் திறந்து சிரித்தான். பார்த்தான் அல்லவா, பார்த்துவிட்டான். ஆனால் விசிலுக்குப் பார்த்தானா, வாசலில் வந்து நின்ற இவளைப் பார்த்தானா? ஓடிவந்தது தப்பு. முந்தானை ஆடியிருக்கும், நிழல் விழுந்திருக்கும். இது கணக்கில் வராது.

கணக்கில் வராது என்பது அத்தையின் பேச்சு. பூபதியின் அம்மா, திருமங்கலத்தில் இருக்கிறாள், எதையும் இந்த ஒரு வார்த்தையால் தள்ளிவைத்துவிடுவாள். போன வைகாசியில் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு வசுமதிக்கு நாள் தள்ளிப்போயிற்று. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும்போது புதுவீடு புகக்கூடாது. பத்திரிகை கொடுத்த பிறகு நிறுத்தவும் கூடாது. இரண்டு கூடாதுகளுக்கு நடுவில் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். "இப்ப எதுக்குத்தா டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு? பால் காய்ச்சி முடிச்சு மறுநா பாத்துக்கலாம். பாக்காத வரைக்கும் அது இல்ல. கணக்குல வராது." பூபதி மருந்துக்கடையில் வாங்கிவந்த அந்தச் சின்ன அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. ஓமப்புகையில் வசுமதிக்குக் குமட்டிக்கொண்டு வந்து, பட்டுப்புடவையோடு கொல்லைப்பக்கம் ஓடினாள். உள்ளே வந்தபோது ஒருத்தர் முகத்திலும் ஒன்றுமில்லை. "புகை ஒத்துக்கல" என்றாள் அத்தை. "ஆமா, புகைதான்" என்றாள் நாத்தனார். "வேப்பங்குச்சி அதிகமோ?" என்று ஐயரிடமே கேட்டார் பூபதி. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாருக்கும் தெரியாது. மறுநாள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எல்லாரும் புதிதாகச் சந்தோஷப்பட்டார்கள். அத்தை அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "வீடு வந்த நேரம்" என்றாள். வீடு வந்த நேரமா, அல்லது வந்திருக்கக்கூடாத நேரமா? இவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, பி.காம் படித்தவள். நம்பிக்கை இல்லை என்பதும், மத்தியானத்தில் தனியாக இருக்கையில் புகையின் வாடை மூக்குக்குள் வருவதும் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் போல. இரண்டாவது விசில் அடித்திருந்தது. எப்போது? பக்கத்து மனையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அது தனியாகக் காதில் விழவில்லை, அடித்து ஓய்ந்த ஆவி மட்டும் மேடை ஓரத்தில் மிதந்தது. மெஷினுக்கே அசையாதவன் விசிலுக்கு எப்படி அசைவான் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள்.

இனிமேல் பின்னால் போய் நிற்கவேண்டும், அவன் கண்ணில் படாமல். சுவரோரமாக நடந்து கூடத்துக்குப் போனாள். நடை சத்தமே கேட்கவில்லை, அவளுக்கே கேட்கவில்லை. அது பழைய வீட்டு நடை. குரோம்பேட்டையில் ஏழு வருஷம் மாடிப் போர்ஷனில் இருந்தார்கள். கீழே வீட்டுக்காரர், ரிட்டயர் ஆனவர், தலைக்கு மேல் ஒரு காலடி விழுந்தால் ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டுவார். டொக் டொக். பூபதி ஆறடி உயரம், எண்பது கிலோ, பூனை மாதிரி நுனிக்காலில் நடக்கக் கற்றுக்கொண்டார். தாரணி நடை பழகியதே நுனிக்காலில்தான். குதிக்காதே, ஓடாதே, தாத்தா தட்டுவாரு என்று சொல்லிச் சொல்லி, மூன்று வயதில் அவள் ஒரு பந்தைக்கூடத் தரையில் போடமாட்டாள், உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அலைவாள். புதுவீட்டுக்கு வந்த முதல் நாள், தரைத்தளம், கீழே மண்ணைத் தவிர யாரும் இல்லை, "குதிடீ, எவ்வளவு வேணும்னாலும் குதி" என்று பூபதி சொன்னபோது அது மலங்க மலங்க விழித்தது. அவரும் குதிக்கவில்லை. சொந்தவீட்டில் மாதக்கணக்கில் அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் திருடர்கள் போல நடந்தார்கள். பிறகு, இந்தப் பங்குனி வாக்கில், திடீரென்று அவருக்கு மட்டும் கால் திறந்துகொண்டது. வேலையிலிருந்து வந்ததும் இரும்பு வைத்த கம்பெனி ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கூடத்தில் வந்து டொம் டொம்மென்று மிதிப்பார். காலையில் எழுந்ததும் மிதிப்பார். "என்னங்க இது, யானை வந்த மாதிரி?" என்று கேட்டாள். "சொந்தத் தரைடீ. யார் கேப்பா?" என்றார். வீட்டுக்காரத் திமிர் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தத் தரையிலும் ஒரு குறை. கூடத்தில் சன்னலோரம் நாலு கல் மட்டும் கால் வைத்தால் பறை மாதிரி ஒலிக்கும். "கீழ கலவை பிடிக்கலீங்க, உள்ள காலியா இருக்கு, எடுத்துட்டுத் திரும்பப் போட்டாத்தான் உண்டு" என்று கொத்தனார் சொல்லிவிட்டு ஆளே வரவில்லை. பூபதி போனில் கத்துவார். "உசிரக் குடுத்து வீடு கட்டுனா டமாரத்து மேல குடும்பம் நடத்தச் சொல்றியா?" எட்டு மாதம் கத்தினார். சித்திரையில் கொத்தனார் உளியும் சிமெண்டு மூட்டையுமாக வந்து நின்றபோது, டீ வாங்கிக் கொடுத்து, "இருக்கட்டும் விடுங்க, புள்ளைக்குத் தூசி ஆகாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கொத்தனார் இவளைப் பார்த்தார், இவள் கொத்தனாரைப் பார்த்தாள். பக்கத்து மனையின் தூசியே வீட்டில் அரை அங்குலம் கிடக்கிறது. ஆண்களுக்குச் சண்டை பிடிக்கும், சண்டை முடிவது பிடிக்காது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

செழியனின் தலைமாட்டில் நின்றாள். பாய் சன்னலோரம் கிடந்தது. காற்று வரும் என்று பூபதிதான் அந்த இடத்தில் போடச் சொல்வார். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உச்சியில் மயிர் சுழி, ஒற்றைச் சுழி, நல்லது என்றாள் அத்தை. வலது காதுமடலில் ஒரு மச்சம். அந்தக் காதில்தான் மூன்று முறை பேர் சொன்னார்கள். நாத்தனார் வெற்றிலையைக் குவித்துக் காதோரம் வைத்து, "செழியன், செழியன், செழியன்" என்று சொன்னாள், சொல்லிவிட்டு, "பேரு போய்ச் சேந்துருச்சு" என்று சிரித்தாள். போய்ச் சேர்ந்ததா? வாசலில் போட்ட தபால் மாதிரி எங்கேயோ உள்ளே கிடக்கிறதா, எடுக்க ஆளில்லாமல்? ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அத்தை போன் மேல் போன். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்த நர்ஸ், "காது டெஸ்ட் எடுக்குற பொண்ணு பதினோரு மணிக்குத்தான் வரும், இருந்து எடுத்துட்டுப் போங்க" என்றாள். பூபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்புறம் கூட்டிட்டு வரலாமா சிஸ்டர்?" "வரலாம். கண்டிப்பா வாங்க." அப்புறம் என்பது எந்தக் கிழமையிலும் வரவில்லை. முதலில் மஞ்சள்காமாலை மாதிரி இருந்தது, பிறகு தாரணிக்கு அம்மை, பிறகு மறந்தது, பிறகு மறந்தது போல இருந்தது. மூன்றாவது தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "தலை நிக்குதா? முகம் பாத்துச் சிரிக்கிறானா? சத்தத்துக்குத் திரும்புறானா?" என்று வரிசையாகக் கேட்டார். "ம், ம், ம்" என்றாள் இவள். மூன்றாவது ம் மற்ற இரண்டைவிடச் சீக்கிரமாக வந்தது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூபதி சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

குக்கர் இழுக்கத் தொடங்கியது. பக்கத்து மனையில் மெஷினை நிறுத்தியிருந்தார்கள், டீ நேரம். தெருவே காலியாக இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், அசையவில்லை, சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். விசில் வந்தது. வீட்டை இரண்டாகக் கிழிக்கிற விசில். சன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காகம் பறந்தது. செழியன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் முன்பு எப்படி ஆடிக்கொண்டிருந்ததோ அப்படியே ஆடியது. சரி, விசிறியில் லயித்திருக்கிறான், அதுதான் என்று நினைத்துக் குனிந்து, சுவரோரம் போய் சுவிட்சை அணைத்தாள். விசிறி மெல்ல நின்றது. அவன் கொஞ்ச நேரம் நின்றுபோன விசிறியைப் பார்த்தான், பிறகு சன்னலைப் பார்த்தான், பிறகு ஒன்றையும் பார்க்கவில்லை. அடுத்த விசில் வந்தது. அடுத்ததும் வந்திருக்கவேண்டும். எத்தனை என்கிற எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவள் அழுகை வரும் என்று நின்றாள். இப்படி ஒரு நேரத்தில் வரவேண்டும், படங்களில் வருகிறது, எதிர்வீட்டு அம்மா என்றால் இந்நேரம் மாரில் அடித்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு நெஞ்சுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. வேர்த்தது, விசிறி இல்லாததால். நின்ற இடத்திலிருந்து அவன் பேரைச் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள், திறந்ததோடு சரி. ஆறு மாதம் கழித்து அம்மா என்று சொல்லவேண்டும், சொல்லவேண்டுமென்றால் முதலில் அவன் அதைக் கேட்டிருக்கவேண்டும், கேட்பதற்கு இவள் அவனோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் போட்டிருக்கிறது. இவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஏழு வருஷம் கீழே ஒருத்தர் கம்போடு உட்கார்ந்திருந்தார். அடுப்படிக்குத் திரும்பி வந்து மேடையைத் துடைத்தாள். குக்கரை அணைக்கவேண்டும் என்பது தெரிந்தது. கை துடைத்துக்கொண்டே இருந்தது.

கேட் கொண்டி எடுபடும் சத்தம் கேட்டது. பூபதி. அவர் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தாரணி கைப்பிள்ளையாக இருந்தபோது அப்படியா இருந்தார், தெருமுனையிலிருந்தே குட்டிம்மா குட்டிம்மா என்று அடித்தொண்டையில் பாடிக்கொண்டு வருவார், வீட்டுக்காரருக்கு அந்தப் பாட்டும் ஆகாது. இந்தப் பிள்ளையை அவர் எப்போதாவது வாசலிலிருந்து கூப்பிட்டிருக்கிறாரா? வசுமதி துணியைக் கையில் பிடித்தபடி, அடுப்படிக் கதவின் மறைவில், யோசித்துப் பார்த்தாள். ஷூ கூடத்துக்குள் வந்தது. பிள்ளை சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தான், வாசலுக்கு முதுகு. பூபதி டிபன் பாக்ஸ் பையை நாற்காலியில் வைத்தார். அந்த நாலு கல் இருக்கும் இடத்தின் ஓரத்துக்கு வந்தார். நின்றார். வலது காலைத் தூக்கி, குதிகாலால், டொம். இன்னொரு முறை, டொம். பாய்வரைக்கும் தரை அதிர்ந்தது. செழியனின் உடம்பு முழுதும் ஒருதரம் சிலிர்த்தது. தலை இந்தப் பக்கம் புரண்டது, கண் தேடியது, அப்பாவைக் கண்டுபிடித்தது, கையும் காலும் ஒன்றாக உதைத்துக்கொள்ள, வாய் முழுக்கச் சிரிப்பு. "வந்துட்டேன்டா" என்றார் பூபதி. சத்தமில்லாமல், உதட்டால் மட்டும்.

பங்குனி. இந்த மிதி தொடங்கியது அப்போதுதான், மூன்றாவது தடுப்பூசியும் பங்குனிதான். அதற்கு அடுத்த மாதம் கொத்தனார். பாய் போட்ட இடம். வசுமதிக்கு இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரவில்லை, ஏற்கெனவே வந்து சேர்ந்து திண்ணமாக உட்கார்ந்திருந்ததை இப்போது விளக்குப் போட்டுப் பார்ப்பது போல இருந்தது. கோபம் வருமோ என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. கூடத்துக்கு வந்தாள். பூபதி குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபேன் ஏன் நிக்குது? கரண்டு இல்லையா?" என்றார், நிமிராமல்.

"இருக்கு. நான்தான் அணைச்சேன்."

"கடலை வேகுதா? வாசம் அடிப்பிடிச்ச மாதிரி வருதே. எத்தன விசில் வந்துச்சு?"

"தெரியல." அவள் நின்றாள். "கொத்தனார எதுக்குத் திருப்பி அனுப்புனீங்க?"

"எந்தக் கொத்தனார?"

"இந்தக் கல்ல எடுத்துட்டுப் போட வந்தாரே."

பூபதியின் விரல்கள் கயிற்றில் நின்றன. முடிச்சு ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. "தூசின்னு சொன்னேன்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "இருக்கட்டும்னுதான்" என்றார்.

செழியன் அப்பாவின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். வசுமதி சுற்றிக்கொண்டு போய் அவன் பார்க்காத பக்கம், சன்னலோரம் நின்றாள். காலைத் தூக்கி வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பழக்கத்தில் நுனிவிரல்தான் தரையைத் தொட்டது. பூபதி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் ஒருமாதிரி ஆயிற்று, கீழேயிருந்து யாரோ கம்பால் தட்டிவிட்டது போல. அவள் இன்னொருமுறை காலைத் தூக்கினாள். முழங்காலை மடக்கி, குதிகாலைக் கீழே பார்த்து, எட்டு வருஷத்தில் முதல்தடவையாக, உள்ள பலத்தோடு மிதித்தாள். டொம். வலி கணுக்கால்வரை ஏறியது. பிள்ளை புரண்டு திரும்பி அவளைப் பார்த்தான்.

"நாளைக்குப் போலாம்" என்றாள். "அந்தப் பொண்ணு வர்ற நேரத்துக்கு. பதினோரு மணிக்கு."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை வசு. பத்தரைலருந்து..."

"தெரியும்."

பூபதி தலையாட்டினார். கழற்றிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல. "அம்மாட்ட சொல்லிக்கலாம், அப்புறமா" என்றார். பிறகு அந்த அப்புறத்தை அவரே கேட்டுவிட்டு, "இல்ல, இப்பவே சொல்லிடுறேன்" என்றார்.

உள்ளே குக்கர் இழுத்துப் பிடித்து விசில் அடித்தது. எத்தனையாவதோ. இரண்டு பேரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். செழியன் திரும்பவில்லை. அடுத்தது எப்போது விழும் என்று அவளுடைய குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.